எட்டா, பத்தா, பன்னிரண்டா? ரீகாயில் ஸ்பிரிங் பற்றி ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். டெக்சஸில், டாலஸ் பக்கம் இருக்கிறேன். இரண்டு வருடமாக யு.எஸ்.பி.எஸ்.ஏ. (அமெரிக்கத் துப்பாக்கி சுடும் போட்டிச் சங்கம்) போட்டிகளில் லிமிடெட் ஆப்டிக்ஸ் பிரிவில் சுடுகிறேன். என்னிடம் இருப்பது 5 இன்ச் பேரல் உள்ள 9 எம்எம் 2011 வகை (பழைய 1911 பிஸ்டலின் வழிவந்தது) பிஸ்டல். ஒருவரிடமிருந்து கைமாற்றாக வாங்கியது. ஸ்லைடின் (சுட்டதும் பின்னால் போய்த் திரும்பி வருகிற மேல்பகுதி) மேல் டாட் (ஒளிப்புள்ளியால் குறிபார்க்கும் கருவி) இருக்கிறது. தோட்டாவை நானே ரீலோட் செய்கிறேன் (வெற்றுக் கேஸில் மறுபடி பவுடரும் புல்லட்டும் வைத்து): 147 கிரெயின் புல்லட், குரோனோகிராஃபில் (வேகம் அளக்கும் கருவி) சராசரி நொடிக்கு 880 அடி. கிளப்பில் நன்றாகச் சுடுகிற ஒருவர் 8 பவுண்டு ரீகாயில் ஸ்பிரிங் போடச் சொன்னார். போட்டேன். பயிற்சியில் வெண்ணெய் மாதிரி இருந்தது. போன மாத மேட்ச்சில் நான்காவது ஸ்டேஜில் இரண்டு தடவை ஸ்லைடு முழுதாக மூடாமல் நின்றுவிட்டது. இன்னொருவர் 12 போடு என்கிறார். போட்டால் டாட் கீழே குதிக்கிறது. எது சரி?

பதில்: முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன், அதற்குத்தானே எழுதியிருக்கிறீர்கள். 10-ல் தொடங்குங்கள். நீங்கள் சொன்ன தோட்டாவுக்கு 9-க்குக் கீழே இறங்க வேண்டாம். ஆனால் ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன்னால் உங்கள் தோட்டாவைச் சோதிக்க வேண்டும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் அடுத்த துப்பாக்கிக்கு யாரையும் கேட்க வேண்டி இருக்காது.

ரீகாயில் ஸ்பிரிங் என்ற பெயரே நம்மைத் தப்பான பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. பெயரைக் கேட்டதும், பின்னால் வருகிற உதையைத் தாங்குவதுதான் அதன் வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். உங்கள் தோட்டாவையே எடுத்து ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 147 கிரெயின் என்பது சுமார் ஒன்பதரை கிராம். நொடிக்கு 880 அடி என்பது 268 மீட்டர். ஸ்லைடும் பேரலும் டாட்டும் சேர்ந்து அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், சுட்டதும் ஸ்லைடு ஏறக்குறைய 7 ஜூல் ஆற்றலோடு பின்னால் கிளம்புகிறது. ஒரு 10 பவுண்டு ஸ்பிரிங் முழுவதும் அமுங்கும்போது அதில் எவ்வளவு வாங்கிக்கொள்ளும் தெரியுமா? இரண்டு ஜூலுக்கும் குறைவு. மீதியில் கொஞ்சம், தோட்டா வெடிப்பதற்கான அடியைக் கொடுக்கிற ஹேமரைப் பின்னால் சாய்ப்பதிலும் உராய்விலும் போகிறது. மற்றதெல்லாம் ஸ்லைடு ஃபிரேமில் போய் முட்டி, உங்கள் கையில்தான் இறங்குகிறது. 8 போட்டாலும் 12 போட்டாலும் மொத்த உதை ஒன்றுதான். அது எந்தக் கணத்தில் எவ்வளவாக வந்து சேர்கிறது என்பதை மட்டும்தான் ஸ்பிரிங்கால் மாற்ற முடியும்.

ஆனால் திரும்பி வரும் பயணத்தில் ஸ்பிரிங்குக்குத் துணை யாரும் இல்லை. மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உருவுவது, அதைச் சாய்வில் ஏற்றி பேரலின் பின்முனையில் உள்ள அறைக்குள் தள்ளுவது, எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் கேஸின் விளிம்பைக் கொண்டு வருவது, பேரலை மேலே தூக்கி ஸ்லைடில் பூட்டுவது, இத்தனையும் அந்த இரண்டு ஜூலுக்குள் நடந்தாக வேண்டும். ஆகவே ஸ்பிரிங்கை முன்னால் போகிற பயணத்துக்காகத் தேர்ந்தெடுங்கள். உங்கள் துப்பாக்கி தடுமாறியதும் அந்தப் பயணத்தில்தான்.

பெட்டியில் எழுதியிருக்கிற எண் என்ன என்பதையும் பார்க்கலாம். ஸ்லைடு முழுதாகப் பின்னால் போய் ஸ்பிரிங் அமுங்கி நிற்கும்போது இருக்கும் விசைதான் அந்தப் பவுண்டுக் கணக்கு. ஸ்லைடு மூடியிருக்கும்போது அதில் பாதி அல்லது பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். அதாவது உங்கள் 8 பவுண்டு ஸ்பிரிங், ஸ்லைடு மூடப்போகிற கடைசி இடத்தில் நாலு, நாலரை பவுண்டுதான் தள்ளுகிறது. கிலோவில் சொன்னால் இரண்டு. 10 பவுண்டு ஸ்பிரிங் என்றால் இரண்டரைக்குப் பக்கம். விசை மிகக் குறைவாக இருக்கிற அந்த இடத்தில்தான் பேரல் ஏறிப் பூட்டிக்கொள்கிற வேலையும் இருக்கிறது.

ஊரில் வீட்டு வாசலில் ஸ்பிரிங் மாட்டிய கொசுவலைக் கதவு வைத்திருப்பார்கள், நினைவிருக்கிறதா? ஸ்பிரிங் பலமாக இருந்தால் கதவு படாரென்று அடித்து நிலையே அதிரும். தளர்ந்துபோனால் கதவு அழகாக, சத்தமில்லாமல் வந்து, கடைசி ஒரு விரற்கடையில் நின்றுவிடும். மழைக்காலத்தில் மரம் ஊதிக்கொண்டால் அதுவும் வராது. உங்கள் 12 பவுண்டு முதல் கதவு. 8 பவுண்டு இரண்டாவது கதவு. மேட்ச் நாளின் அழுக்குதான் அந்த மழைக்காலம்.

இப்போது அந்த நான்காவது ஸ்டேஜுக்கு வருவோம். நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று எனக்குத் தெரிய வேண்டும்: நின்றுபோன இரண்டு தடவையும் மேகசினில் எத்தனை ரவுண்டு இருந்தது? மேகசின் மாற்றிய உடனே, அது நிறைந்திருந்தபோது நடந்ததா? இருபது ரவுண்டு அடைத்த மேகசினில் அடியிலிருக்கும் ஸ்பிரிங் உச்சக்கட்ட அழுத்தத்தில் இருக்கிறது. மேல் தோட்டாவை அது ஸ்லைடின் அடிவயிற்றில் இறுக்கிப் பிடிக்கும். ஸ்லைடு அந்தப் பிடியோடு உரசிக்கொண்டேதான் முன்னால் வர வேண்டும். கடைசி நாலைந்து ரவுண்டில் இந்தப் பிடி வெகுவாகத் தளர்ந்துவிடும். பயிற்சியில் பலரும் பத்துப் பத்தாக அடைத்துச் சுடுவார்கள். நீங்களும் அப்படித்தான் என்றால், 8 பவுண்டு பயிற்சியில் இனித்ததற்கும் மேட்ச்சில் கசந்ததற்கும் இதுவே பாதிக் காரணம்.

மீதிப் பாதி தோட்டாவில் இருக்கலாம். வீட்டில் பாதுகாப்பான இடத்தில், துப்பாக்கி காலி என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, பேரலைக் கழற்றி எடுங்கள். அறை மேலே பார்க்கும்படி பேரலைப் பிடித்துக்கொண்டு, ரீலோட் செய்த தோட்டாவை ஒவ்வொன்றாக உள்ளே விடுங்கள். நல்ல தோட்டா 'டொக்' என்று விழுந்து உட்காரும். விரலால் லேசாகத் திருப்பினால் சுழலும். பேரலைக் கவிழ்த்தால் தானாக வெளியே விழும். இந்த மூன்றில் ஒன்று நடக்காவிட்டாலும் அந்தத் தோட்டாவுக்கு 8 பவுண்டு போதாது. நியாயமாகப் பார்த்தால் 12 பவுண்டுக்கும் அது ஆகாத தோட்டாதான். எங்கே பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க, தோட்டாவை மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கிவிட்டு உள்ளே விட்டுத் திருப்பி எடுங்கள். புல்லட்டின் தோளில் கீறல் தெரிந்தால் தோட்டா நீளம் அதிகம், பேரலின் புரிகளில் போய் முட்டுகிறது. கேஸின் வாயருகே மை அழிந்திருந்தால், வாயை இறுக்குகிற கிரிம்ப் போதவில்லை. வாயின் குறுக்களவு 0.378 இன்ச் பக்கம் வரும்வரை கிரிம்ப் டையைச் சற்று இறக்குங்கள். அடிப்பக்கம் அழிந்திருந்தால் கேஸ் சரியாக சைஸ் ஆகவில்லை. பல தடவை சுட்டுச் சுட்டு உப்பிய கேஸ்களில் இது சகஜம்.

மேட்ச்சுக்கு எடுத்து வைக்கிற ஒவ்வொரு தோட்டாவையும் நான் இப்படி விட்டுப் பார்ப்பேன். இருநூறு தோட்டாவுக்கு அரை மணி நேரம் ஆகும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யலாம்.

தோட்டாவின் வேகத்தைக் குறைத்தோ கூட்டியோ இதைச் சரிசெய்யலாமா என்று ஒரு எண்ணம் வரும். வேண்டாம். தோட்டாவின் பலத்தைப் போட்டியில் அளக்கிற எண்தான் பவர் ஃபேக்டர். உங்களுடையது, 147-ஐ 880-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 129.4. மைனர் என்கிற குறைந்த பல வகைக்கு வேண்டியது 125. நான்கு புள்ளிக்கு மேல் இடைவெளி இருக்கிறது, நல்ல இடத்தில்தான் இருக்கிறீர்கள். குளிரில் வேகம் கொஞ்சம் இறங்கினாலும் தாங்கும். பெரிய மேட்ச்சில் குரோனோவில் 125-க்குக் கீழே போய்விட்டால், சுட விடுவார்கள், ஆனால் மதிப்பெண் கிடையாது. அந்த வேதனை யாருக்கும் வேண்டாம். தோட்டாவை இந்த இடத்தில் நிறுத்திப் பூட்டிவிடுங்கள். பவுடரை மாற்றினாலோ புல்லட்டை 124-க்கு மாற்றினாலோ ஸ்பிரிங் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். பவர் ஃபேக்டர் ஒன்றாகவே இருந்தாலும், லேசான புல்லட்டுக்குப் பவுடர் அதிகம் வேண்டும், ஸ்லைடு கிளம்புகிற விதம் மாறிவிடும்.

சரி, 10 என்ற எண் எங்கிருந்து வந்தது? 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட அந்த .45 பிஸ்டலின் 5 இன்ச் மாடலுக்கு இன்றைக்கும் வழக்கமான ஸ்பிரிங் 16 பவுண்டு. அதற்கான தோட்டா 230 கிரெயின், சுமார் 830 அடி வேகம். பவர் ஃபேக்டராகப் போட்டால் 191. உங்களுடையது 129. அதே விகிதத்தில் 16-ஐக் குறைத்தால் பதினொன்றுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. உங்கள் துப்பாக்கி அதே பரம்பரையில் வந்ததுதான் என்பதால் இந்தக் கணக்குக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. இதை விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தேடலைத் தொடங்க ஓர் இடம், அவ்வளவுதான். போட்டியில் டாட் சீக்கிரம் அடங்க வேண்டும் என்பதால் அதிலிருந்து ஒரு படி இறங்குகிறேன். 10.

உங்களுக்கு 8 சொன்ன நண்பர் பொய் சொல்லவில்லை. அவர் துப்பாக்கியில் அது ஓடியிருக்கும். அவருடைய ஸ்லைடில் ஜன்னல் வெட்டி எடையைக் குறைத்திருக்கலாம், ஹேமர் ஸ்பிரிங் உங்களுடையதைவிட லேசாக இருக்கலாம், மேகசின் ஸ்பிரிங் வேறாக இருக்கலாம். உங்கள் ஸ்லைடின் மேல் உட்கார்ந்திருக்கிற டாட்டே 30 முதல் 50 கிராம் வரை எடை கூட்டுகிறது. ஒருவர் அளவெடுத்துத் தைத்த சட்டையை இன்னொருவர் போட்டுக்கொள்வது போலத்தான் இது. ஹேமர் ஸ்பிரிங் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1911 வகையில் அது பழைய வழக்கப்படி 23 பவுண்டு, போட்டித் துப்பாக்கிகளில் 17 முதல் 19 வரை வைப்பார்கள். சுட்டதும் ஸ்லைடு முதலில் சந்திக்கிற தடை ஹேமர்தான். ரீகாயில் ஸ்பிரிங் அதற்கப்புறம். கைமாற்றாக வாங்கிய துப்பாக்கி என்பதால் உள்ளே எது இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. புதிதாக ஒரு 19 போட்டுவிட்டு அதை மறந்துவிடுங்கள். ரீகாயில் ஸ்பிரிங்கையும் ஹேமர் ஸ்பிரிங்கையும் ஒரே நாளில் மாற்றிச் சோதித்தால், எது எதைச் செய்தது என்று கடைசிவரை தெரியாது.

இனி சோதனை. ஒரே நிறுவனத்தின் 9, 10, 11, 12 நான்கையும் வாங்குங்கள். ஒரு ஸ்பிரிங் சில டாலர்தான், ஒரு பெட்டித் தோட்டாவைவிட மலிவு. வேறு வேறு நிறுவனங்களைக் கலக்க வேண்டாம், ஒருவருடைய 10 இன்னொருவருடைய 10 போல இருக்காது. நேர்கோட்டில் கூடும் சாதாரண ஸ்பிரிங்கையே வாங்குங்கள். போகப்போக இறுகும் வகையும் விற்கிறார்கள். அதில் முழு அமுக்கத்தில் எண் ஒன்றாக இருந்தாலும், மூடுகிற இடத்தில் விசை குறைவு. உங்களுக்கு அங்கேதான் பஞ்சம், அது வேண்டாம்.

புது ஸ்பிரிங் போட்டதும் ஒரு சின்ன வேலை உண்டு. முதலில் ஸ்பிரிங் இல்லாமல் ஸ்லைடை ஃபிரேமில் மாட்டி, எட்டுகிற வரைக்கும் பின்னால் இழுத்து, அது நிற்கிற இடத்தில் ஃபிரேமில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அப்புறம் ஸ்பிரிங்கை மாட்டி இழுங்கள். ஸ்லைடு அதே கோட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கின்றன என்று அர்த்தம். அந்த ஸ்பிரிங் உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது. அதை வெட்டிச் சுருக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பழைய காலத்து வழக்கம். வெட்டினால் எண் என்ன ஆயிற்று என்றே தெரியாமல் போகும், நான் செய்வதில்லை. ஸ்லைடு முட்டுகிற இடத்தில் பிளாஸ்டிக் வளையம் போடுகிறவர்களும் உண்டு. நசுங்கிப்போன வளையத்தின் துண்டு உள்ளே சிக்கி வந்த துப்பாக்கிகளைப் பார்த்திருக்கிறேன். அதையும் விட்டுவிடுங்கள்.

ரேஞ்சுக்குப் போனதும் முதலில் இரண்டே இரண்டு ரவுண்டு போட்டுச் சுடுங்கள். எந்த ஸ்பிரிங் மாற்றினாலும் இது என் வழக்கம். ட்ரிகர் இரண்டு பவுண்டுக்குக் குறைந்திருக்கிற துப்பாக்கியில் பலமான ஸ்பிரிங் ஸ்லைடை அடித்து மூடும்போது, ஹேமரைப் பிடித்து வைத்திருக்கிற சியர் அதிர்ந்து, ஹேமர் ஸ்லைடின் கூடவே முன்னால் வந்துவிடக் கூடும். நிறைந்த மேகசினோடு அது நடக்கக் கூடாது. அது ஒழுங்காக இருந்தால், 7 கெஜத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். நடுவில் ஒரு சின்னப் புள்ளி. இரண்டிரண்டாகச் சுடுங்கள். முதல் குண்டைக் குறிபார்த்து, இரண்டாவதை டாட் திரும்பி வந்த அந்தக் கணத்திலேயே. பத்து ஜோடி. முடிந்ததும் இரண்டாவது குண்டுகள் எங்கே விழுந்தன என்பதை மட்டும் பாருங்கள். அவை தொடர்ந்து முதல் குண்டுக்குக் கீழே இருந்தால், ஸ்லைடு அடித்து மூடும்போது முனையைக் கீழே இழுக்கிறது. ஸ்பிரிங் அதிகம். தொடர்ந்து மேலே இருந்தால், டாட் இன்னும் இறங்காமல் இருக்கும்போதே சுட்டுவிடுகிறீர்கள். ஸ்பிரிங் குறைவாக இருக்கலாம், உங்கள் இடக்கைப் பிடி தளர்ந்தும் இருக்கலாம். இதைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. நண்பர் ஒருவரை விட்டு ஸ்பிரிங்கை மாற்றச் சொல்லுங்கள், எதைப் போட்டார் என்று உங்களிடம் சொல்ல வேண்டாம். எண்ணைத் தெரிந்துகொண்டு சுட்டால் கை அந்த எண்ணுக்குத் தகுந்தாற்போல் நடந்துகொள்ளும். இருபது வருடமாகச் சுடுகிறவர்களும் இதில் ஏமாந்துபோவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

டாட்டைப் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும். 12 பவுண்டில் நீங்கள் பார்த்தது இதுதான்: டாட் மேலே போய், இறங்கி, குறியைத் தாண்டிக் கீழே விழுந்து, மறுபடி மேலே வந்து நிற்கும். 8 பவுண்டில் டாட் மேலே போய், அங்கே ஒரு கணம் யோசித்து, சோம்பலாக இறங்கி வரும். அது மென்மையாகத் தோன்றும். மென்மையும் வேகமும் ஒன்றல்ல, டைமரைப் பார்த்தால் தெரியும். சரியான ஸ்பிரிங்கில் டாட் மேலே போய், கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கும். உங்கள் பிரிவில் எல்லோரும் மைனர்தான். மையத்துக்கு வெளியே 'சி'யில் விழுந்த குண்டுக்கு ஐந்தில் மூன்றுதான் கிடைக்கும். கீழே குதித்த டாட்டோடு சுட்ட இரண்டாவது குண்டு அப்படித்தான் இரண்டு புள்ளியைத் தின்றுவிடுகிறது.

வெற்றுக் கேஸ் எங்கே விழுகிறது என்று பார்த்தே ஸ்பிரிங்கைச் சொல்லிவிடலாம் என்பார்கள். நாலிலிருந்து ஆறு அடிக்குள் குவியலாக விழுந்தால் நல்ல அறிகுறிதான். பத்து, பன்னிரண்டு அடி பறந்தால் ஸ்லைடு பின்னால் வேகமாகப் போகிறது. காலடியில் சொத்தென்று விழுந்தால் ஸ்பிரிங் அதிகம் அல்லது தோட்டா பலவீனம். ஆனால் எக்ஸ்ட்ராக்டரின் இறுக்கமும், கேஸைத் தட்டி வெளியே தள்ளுகிற எஜெக்டரின் நீளமும் கோணமும் இதில் கைவைக்கும். சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேகத்தில் பிடித்த ஸ்பிரிங் கிடைத்த பிறகுதான் நிஜமான பரீட்சை. மேகசினில் ஒரே ஒரு ரவுண்டு. அதை அறையில் ஏற்றி, காலி மேகசினோடு, இடது கையால் மட்டும், வழக்கத்தைவிடத் தளர்வாகப் பிடித்துச் சுடுங்கள். ஸ்லைடு பின்னால் பூட்டி நிற்க வேண்டும். பத்துத் தடவை. நிற்காவிட்டால் ஸ்பிரிங் உங்கள் தோட்டாவுக்கு அதிகம். உங்கள் மேகசினில் தோட்டாக்களை மேலே தள்ளுகிற ஃபாலோயர் ஸ்லைடைப் பூட்டாத வகை என்றால் இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள். அடுத்தது மறுபக்கம்: மேகசினை முழுதாக அடைத்து, ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டு முதல் ரவுண்டை ஏற்றுங்கள். இருக்கிற எல்லா மேகசினிலும் ஐந்தைந்து தடவை. ஒன்றுகூட நிற்கக் கூடாது. அப்புறம் துடைக்காமல், எண்ணெய் விடாமல், 400, 500 ரவுண்டு சுட்டு அழுக்கான பிறகு இதையே மறுபடி செய்யுங்கள். அழுக்குத் துப்பாக்கியில் எந்த ஸ்பிரிங் தடுமாறத் தொடங்குகிறதோ, அதற்கு ஒரு படி மேலே உள்ளது உங்களுடையது. உங்கள் துப்பாக்கி 8-ல் ஏற்கெனவே தடுமாறிக் காட்டிவிட்டது. ஆகவேதான் 9-க்குக் கீழே வேண்டாம் என்றேன்.

சோதனையின்போது ஸ்லைடு மூடாமல் நின்றால் பின்னாலிருந்து கையால் அடித்து மூடாதீர்கள். மேட்ச்சில் நேரம் ஓடும்போது தட்டுவார்கள், பயிற்சியில் அது உங்களுக்குத் தெரிய வேண்டிய தகவலை அழித்துவிடும். மேகசினைக் கழற்றுங்கள், ஸ்லைடை மெதுவாக இழுத்துத் தோட்டாவை எடுங்கள், அதை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். எங்கே கீறியிருக்கிறது, எங்கே பளபளக்கிறது என்று அந்தத் தோட்டாவே சொல்லும்.

இதில் நானும் ஒரு பாடம் கற்றேன். பல வருடம் முன்பு என்னுடைய துப்பாக்கியில் 7 பவுண்டு ஸ்பிரிங் போட்டு ஒரு மாநில அளவு மேட்ச்சுக்குப் போனேன். பட்டறையில் அது இரண்டு வாரம் குறையே இல்லாமல் ஓடியது. மேட்ச்சின் இரண்டாம் நாள் காலை மழை. தரையில் விழுந்த மேகசினை எடுத்துத் துடைத்துப் போட்டேன், மணல் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது. ஆறாவது குண்டில் ஸ்லைடு ஒரு தீப்பெட்டிக் குச்சி கனத்துக்குத் திறந்தபடி நின்றது. ட்ரிகரை அழுத்தினால் அழுத்தம் மட்டும்தான் இருக்கிறது, வெடி இல்லை. அந்த வகைத் துப்பாக்கியில் ஸ்லைடு மூடாவிட்டால், ட்ரிகரின் தொடர்பைத் துண்டிக்கிற டிஸ்கனெக்டர் சுட விடாது, அது நல்லதுதான். ஆனால் என்ன நடந்தது என்று மூளைக்கு எட்டுவதற்குள் நாலு நொடி போய்விட்டது. ஸ்பிரிங்கில் நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த நூறில் ஒரு பங்கு நொடிகளை எல்லாம் சேர்த்தாலும் அந்த நாலு நொடிக்கு வராது. அன்றிலிருந்து அழுக்குச் சோதனை இல்லாமல் என் பட்டறையிலிருந்து போட்டித் துப்பாக்கி எதுவும் வெளியே போவதில்லை.

ஸ்பிரிங்கின் ஆயுளையும் சொல்லிவிடுகிறேன். புது ஸ்பிரிங் முதல் 200 ரவுண்டுக்குள் கொஞ்சம் சுருங்கி ஒரு நிலைக்கு வரும். முடிவான தீர்ப்பை அதற்குப் பிறகு எடுங்கள். அப்புறம் மெல்ல மெல்லத் தளரும், கைக்குத் தெரியாது. 9 எம்எம்-மில் நான் 2500, 3000 ரவுண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். ஸ்பிரிங் வந்த உறையில் போட்ட தேதியையும் ரவுண்டு எண்ணிக்கையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழையதைப் புதியதன் பக்கத்தில் மேசையில் நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் கண்ணால் தெரியும். கைமாற்றாக வாங்கிய துப்பாக்கியில் உள்ளே வந்த ஸ்பிரிங்கை நம்பவே வேண்டாம். அது 12 ஆக இருந்து 9 ஆகத் தளர்ந்ததா, 9 ஆகவே வந்ததா என்று யாரால் சொல்ல முடியும்?

இதே கேள்வியை க்ளாக் வைத்திருக்கிற வாசகர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. க்ளாக்கில் ஹேமருக்குப் பதில் ஸ்ட்ரைக்கர் இருக்கிறது, ட்ரிகரை அழுத்தும்போது அதன் ஸ்பிரிங் இழுபடுகிறது. அது ரீகாயில் ஸ்பிரிங்குக்கு எதிராக ஸ்லைடைத் திறக்கப் பார்க்கும். பழைய மூன்றாம் தலைமுறை 17, 34 மாடல்களில் 13 பவுண்டு வரை இறங்குகிறவர்கள் ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கையும் லேசாக்குகிறார்கள். அதனால் சில பிரைமர்கள் (தோட்டாவின் அடியில் அடிபட்டுப் பற்றுகிற பகுதி) வெடிக்காமல் போவதும் உண்டு. காலித் துப்பாக்கியில் முனையை மேலே தூக்கிப் பிடித்து, ட்ரிகரை அழுத்தியபடியே ஸ்லைடை முழுதாகப் பின்னால் இழுத்து, மெதுவாக விட்டுப் பாருங்கள். முழுதாகப் போய் மூடாவிட்டால் அந்த ஸ்பிரிங் வேண்டாம். வேறு போட்டி அமைப்புகளான ஐ.டி.பி.ஏ.-வில் அல்லது ஐ.பி.எஸ்.சி.-யின் ப்ரொடக்‌ஷன் பிரிவில் சுடுகிறவர்கள் எதை மாற்றுவதானாலும் முதலில் அந்தப் பிரிவின் விதிகளைப் படித்துவிடுங்கள்.

உங்கள் வேலை இந்த வார இறுதிக்கு இவ்வளவுதான்: பேரலைக் கழற்றி மீதியிருக்கிற மேட்ச் தோட்டாக்களை விட்டுப் பாருங்கள். முதல் நாள் ஹேமர் ஸ்பிரிங் 19, அடுத்த நாள் ரீகாயில் ஸ்பிரிங் 10. இருநூறு ரவுண்டு சுட்டு அது அடங்கியதும் பத்து ஜோடி. அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். நின்றுபோன அந்த இரண்டு தடவையும் மேகசினில் எத்தனை ரவுண்டு இருந்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.